நைட் ஷிப்ட் வீட்டுப் பிள்ளை

என் நாத்தனாரின் குரலை நான் அழிக்கவில்லை. அது இன்னும் என் போனில், குடும்ப குரூப்பில், நட்சத்திரக் குறி போட்டுப் பத்திரமாக இருக்கிறது. கொழுந்தனார் புனேயில் வீடு வாங்கி, கிரகப்பிரவேசத்துக்கு எங்கள் எல்லோருக்கும் விமான டிக்கெட் போட்ட அன்று சாயங்காலம் அவர் பேசி அனுப்பியது. மாமனார் வழி, மாமியார் வழி என்று குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

“தம்பி, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. கொழந்தைய அவங்க அம்மா வூட்ல வுட்டுட்டு வரட்டும். பிளைட்டுன்றது உங்க ஊரு டவுன் பஸ் இல்ல. படிச்சவங்க வருவாங்க. அது பாட்டுக்கு வாயத் தொறந்து கத்த ஆரம்பிச்சா, பக்கத்துல உக்காந்துகினு இருக்கற எனக்குத்தான் மானம் போவும்.”

அதற்குக் கீழே யாரோ ஒரு பெரியப்பா கைகூப்பும் படம் போட்டிருந்தார். எதற்காகக் கும்பிட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. தோசைக்கல் மாதிரி, அடுப்பை அணைத்த பிறகும் வெகுநேரம் சூடு இருக்கும். பாத்திரம் துலக்கும்போது அந்தப் பதிவைப் போட்டுக் கேட்பேன். துணி காயப்போடும்போது கேட்பேன். ஆறிவருகிறது என்று தோன்றினால் வேண்டுமென்றே இன்னொரு முறை கேட்பேன். வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்.

“அக்கா வாய்தான் அப்படி. மனசு நல்ல மனசு.”

“அவங்க மனச வச்சிகினு நான் என்னா பண்றது? எனக்குக் கேக்கறது வாய்தானே.”

அக்காவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

இத்தனைக்கும் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், எங்கிருந்தோ வந்தவர் இல்லை. இதே நெய்வேலி டவுன்ஷிப்பில், இதே மாதிரி ஒரு குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். மாமனாரும் நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர்தான். கல்யாணமாகிச் சென்னைக்குப் போனதும் நெய்வேலி அவருக்கு ‘உங்க ஊரு’ ஆகிவிட்டது. வந்தால் ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டி, கரியைப் பார்த்து, “உங்க ஊர்ல எப்படித்தான் இருக்கீங்களோ” என்பார். அந்தக் கரியைத் துடைத்துத் துடைத்துத்தான் அவரும் வளர்ந்தார் என்று சொல்ல எனக்கு நாக்கு துடிக்கும். வந்த விருந்தாளி என்று விட்டுவிடுவேன்.

என் மகள் அழுதது உண்மைதான், மறுக்கவில்லை. பண்ருட்டியில் ஒரு கல்யாணம். அப்போது அவளுக்கு நடை வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டியதும் பயந்து வீறிட்டாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அண்ணி அன்றைக்கே அதை எடுத்து முடிந்து வைத்துக்கொண்டார். என் பிள்ளை கத்துகிற பிள்ளை என்று முடிவு கட்டிவிட்டார்.

உண்மை அதற்கு நேர் எதிர். மேளத்தைக் கேட்டு அவள் அலறியதே, சத்தம் என்பது அவளுக்குப் பழக்கமில்லாததால்தான்.

அதைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருக்கு மைன்ஸில் வேலை. வாரம் மாறினால் ஷிப்ட் மாறும். நைட் வாரம் வந்தால் காலையில் வந்து குளித்து, சாப்பிட்டு, வெளிச்சம் படாமல் கண்மேல் ஈரிழைத் துண்டைப் போட்டுக்கொண்டு படுப்பார். அவர் எழுந்திருக்கும்வரை எங்கள் வீட்டில் சத்தம் என்பதே கிடையாது. குக்கர் வைக்கமாட்டேன், குண்டானில் சோறு வடிப்பேன். மிக்சியில் அரைக்கிற வேலையெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடும். வெளி கேட்டில் இன்னொரு துண்டைத் தொங்கவிடுவேன். எங்கள் வரிசையில் கேட்டில் துண்டு தொங்கினால் கீரைக்காரம்மாகூடக் குரல் கொடுக்காமல் கட்டை வைத்துவிட்டுப் போவார். அரைத் தூக்கத்தில் எழுந்து மறுபடி மைன்ஸுக்குள் இறங்குகிற மனிதருக்கு என்ன ஆகும் என்ற பயம் ஷிப்ட் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

இந்த வீட்டில்தான் என் மகள் வளர்ந்தாள். தொட்டிலில் கிடக்கும்போதே நான் அவளிடம் காற்றாகத்தான் பேசுவேன். பேச்சு வந்தபோது ‘அம்மா’, ‘அப்பா’வுக்கு அடுத்து அவள் கற்றுக்கொண்டது ‘நைட்டு’. கண்மேல் துண்டு போட்ட அப்பாவைப் பார்த்தால் உதட்டில் விரலை வைத்து, “அப்பா நைட்டு” என்று என்னிடமே ரகசியமாகச் சொல்வாள். பொம்மை கீழே விழுந்தால் பொம்மையை மிரட்டுவாள். வாசற்படியில் தடுக்கி விழுந்தால், அப்பா தூங்குகிற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னிடம் ஓடிவந்து என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவாள்.

ஆகவே, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு நாள் எனக்கு வழி கிடைத்துவிட்டது. என் மகள் விமானத்தில் வருவாள். பக்கத்தில் அண்ணி உட்காருவார். ஏறியதிலிருந்து இறங்குகிறவரை அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வராது. இறங்கியதும் அதே குரூப்பில், அண்ணியின் பதிவுக்குக் கீழேயே, நான் ஒன்று போடுவேன்: “பாப்பா சமத்தா வந்துச்சுங்க, நம்பலைன்னா அண்ணியக் கேட்டுப் பாருங்க.” அந்த வரியைக் குளியலறையில் நின்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். சிரித்துச் சொன்னால்தான் நன்றாகக் குத்தியது.

பயணத்துக்கு முந்தின நாளே லீவு சொல்லிவிடுவதாக வீட்டுக்காரர் சொன்னார். அது நைட் வாரம்.

“வேணாம். நைட் போயிட்டே வாங்க. பகல்லதான பிளைட்டு.”

“தூங்காம எப்படி வர்றது?”

“பிளைட்ல தூங்குங்க.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பொய்த் தூக்கம் என் மகளிடம் செல்லாது. துண்டைத் தூக்கி இமையைப் பார்ப்பாள். இமை துடித்தால், “அப்பா எந்திச்சு!” என்று மேலே ஏறிக் குதிப்பாள். அதனால் எனக்கு நிஜமான தூக்கம் வேண்டும், மைன்ஸிலிருந்து வந்த தூக்கம் வேண்டும்.

காலையில் அவர் வந்து குளித்ததும் வாடகைக் காரில் கிளம்பினோம். வடக்குத்து தாண்டுவதற்குள்ளேயே அவருக்குத் தலை சாய்ந்தது. நான் விடவில்லை. காரில் தூங்கித் தெளிந்துவிட்டால் என் திட்டம் என்னாவது? புது வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டேன். எங்கள் கல்யாணத்துக்கு யார் யார் வரவில்லை என்று கேட்டேன். அது நன்றாக வேலை செய்தது, ரொம்ப நேரம் பேசினார். திண்டிவனத்தில் இறக்கி டீ வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் கண் சொருகியபோது தொடையில் ஒரு கிள்ளு.

“ஏண்டி, உனக்கு என்னா பைத்தியமா?”

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கிள்ளு பட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டார்.

“எங்க அக்கா மேல இருக்கற கோவத்துக்கு நான்தான் கெடச்சனா?”

“ஆமா” என்றேன்.

சென்னை விமான நிலையத்தில் அண்ணி எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். இழுத்துப் போகிற பெட்டி, கழுத்தில் ஒரு சின்னத் தலையணை. என் மகளைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

“கூட்டிகினே வந்துட்டீங்களா?”

“ஆமாங்க அண்ணி” என்று நான்தான் சொன்னேன்.

அதோடு விட்டாரா? கவுன்ட்டர் பெண்ணிடம் போய் ஆங்கிலத்தில் வேறு சீட் கேட்டார். குழந்தையைக் காட்டித்தான் கேட்டார். அந்தப் பெண் எட்டிப் பார்த்து என் மகளுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு, காலி இல்லை என்றாள். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராதுதான், ஆனால் இவ்வளவுகூடப் புரியாத அளவுக்கு மோசமில்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஜன்னல் ஓரம் வீட்டுக்காரர். நடுவில் நான். ரெண்டு வயது முடியாத பிள்ளைக்குத் தனி சீட் கிடையாது, என் மடிதான் சீட். பணிப்பெண் ஒரு சின்ன பெல்ட்டை என் பெல்ட்டோடு கோத்து அவள் இடுப்பில் மாட்டிவிட்டாள். நடைபாதை ஓரம் அண்ணி. விமானம் நகர்வதற்கு முன்பே வீட்டுக்காரர் ஜன்னலில் சாய்ந்துவிட்டார். கைப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, எங்கள் வீட்டில் போடுகிற மாதிரியே, நெற்றியிலிருந்து மூக்குவரை போட்டேன். வாய் லேசாகத் திறந்து மூச்சு இழைந்தது.

என் மகள் எட்டி, துண்டின் ஓரத்தைத் தூக்கி, இமையைப் பார்த்தாள். துடிக்கவில்லை. மெதுவாகத் துண்டை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். விரல் உதட்டுக்குப் போனது.

“அப்பா நைட்டு.”

“ஆமாண்டி கண்ணு, அப்பா நைட்டு.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மேலே ஒலிபெருக்கி அலறியது. சீட் பெல்ட்டைப் பற்றிய அறிவிப்பு. என் மகள் கூரையை அண்ணாந்து பார்த்து, விரலை உதட்டில் வைத்து, “ஷ்ஷ்!” என்றாள். அறிவிப்பு நிற்கவில்லை. முகத்தைச் சுளித்து இன்னொரு முறை மிரட்டினாள். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பெல்ட்டைச் சரிபார்க்க வந்த பணிப்பெண்ணும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

எழும்பும்போது பாட்டிலில் பாலைக் கொடுத்தேன். குடித்தாள். மேகத்துக்கு மேலே போனோம். அவள் ஜன்னலைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், முன் சீட்டுப் பையில் இருந்த காகிதத்தைக்கூடச் சத்தம் வராமல் எடுத்து மடித்து விளையாடினாள். நான் ஓரக்கண்ணால் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலையணையைக் கழற்றினார், மாட்டினார். பிறகு, எனக்குப் புரிந்துவிட்டது, அழ வைத்தாவது பார்த்துவிட வேண்டும் என்று வந்துவிட்டார்.

“என்னாடி செல்லம், அத்தகிட்ட வர மாட்டியா? அத்த உனக்கு என்னா வாங்கியாந்தேன் தெரியுமா?” என்றார். கோயில் திருவிழாவில் கூப்பிடுகிற குரல்.

என் மகள் அவரைத் திகிலோடு பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பெல்ட் இழுக்கிற தூரத்துக்குச் சாய்ந்து, அண்ணியின் உதட்டின் மேலேயே தன் விரலை வைத்தாள்.

“அப்பா நைட்டு.”

அண்ணியின் வாய் டக்கென்று மூடிக்கொண்டது. அவராக மூடவில்லை, அது தானாக மூடியது. தோள்கூடக் கொஞ்சம் குறுகியது. அடுத்து அவர் பேசியது காற்றுக் குரலில்.

“எப்ப வந்தாரு?” என்றார் குழந்தையிடம், ரகசியமாக.

ஷிப்ட் வீட்டில் வளர்ந்த உடம்பு. எந்த ஊருக்குப் போய் எந்தத் தலையணையை மாட்டிக்கொண்டாலும், அந்த ரெண்டு வார்த்தைக்கு அது அடங்கும். தான் அடங்கிவிட்டோம் என்பது அவருக்கு அடுத்த நொடியே உறைத்தது. என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன், குளியலறையில் பழகின அதே சிரிப்பு. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சந்தோஷங்களில் அந்த முகத் திருப்பலையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

விமானம் இறங்க ஆரம்பித்தது. என் காதுகள் அடைத்தன. நான் எச்சிலை விழுங்கிக்கொண்டு, குரூப்பில் போடப்போகிற வரியை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி கண்ணைத் திறந்து, இன்னமும் சத்தம் வரவில்லையே என்று ஒரு பார்வை பார்த்தார். பாருங்கள், நன்றாகப் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மடியில் என்னவோ ஈரமாகப் பட்டது. பால் பாட்டில் ஒழுகுகிறதோ என்று குனிந்தேன். பாட்டில் காலியாகிக் கிடந்தது. ஈரம் என் மகளின் கண்ணிலிருந்து வந்தது. ஒரு கையால் காதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையின் விரல் உதட்டின் மேல் இருந்தது. முகம் முழுக்கச் சிவந்து, உதடு கோணி, உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

“காது வலிக்குதாடி?”

தலையை ஆட்டினாள்.

“அழு. வாய் தொறந்து அழு கண்ணு, சரியாப் போயிடும்.”

அவள் அப்பாவைப் பார்த்தாள். தலையை இல்லை என்று ஆட்டினாள்.

இன்னும் கொஞ்ச நேரம்தான், தரை தெரிகிறது. இப்படியே இறங்கிவிட்டால் நான் ஜெயித்தேன். அண்ணி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் கற்றுக்கொடுத்ததை என் பிள்ளை எனக்காகக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் என்னால் யோசிக்க முடியவில்லை. கையை நீட்டித் துண்டைப் பிடுங்கினேன்.

“எந்திரிங்க! ஏங்க, எந்திரிங்க!”

அவர் பதறிக்கொண்டு எழுந்தார். எந்த இடம் என்றே தெரியாமல் விழித்தார்.

“இங்க பாரு, அப்பா எந்திரிச்சிட்டாரு. நைட்டு முடிஞ்சிபோச்சி. இப்ப அழு.”

அவள் நம்பவில்லை. சின்னக் கையை நீட்டி அவருடைய இமையைத் தொட்டாள். இமை துடித்தது. அவ்வளவுதான். அடுத்து அவள் வாயிலிருந்து வந்தது, பண்ருட்டி மண்டபத்தில் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி இருந்தது. முன்னாலிருந்து பின்னால்வரை எல்லாத் தலையும் திரும்பியது. எங்கோ பின்னால் இன்னொரு குழந்தையும் சேர்ந்துகொண்டது.

அண்ணி இதற்காகத்தான் காத்திருந்தார்.

“நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “யாரு கேட்டா?”

அந்த நிமிடம் என் தோசைக்கல் முழுச் சூட்டுக்கு வந்தது. பழைய கோபம் அதில் பாதிதான். பிள்ளை காது வெடிக்கிற மாதிரி துடிக்கிறாள், இவருக்கு ஜெயித்த முகம். மகளைத் தூக்கி அண்ணி பக்கமாகத் திருப்பி உட்காரவைத்தேன்.

“அத்தைக்குச் சரியாக் கேக்கலையாம்டி. இன்னும் சத்தமா அழு. நல்லா அழு.”

என் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அண்ணி ரெண்டு காதையும் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மகளின் கை காதிலிருந்து இறங்கியது. அடைப்பு விட்டுவிட்டது, வலி போய்விட்டது, ஆனால் அழுகை நிற்கவில்லை. அவ்வளவு நேரம் அடக்கி வைத்ததல்லவா, வரட்டும் என்று விட்டுவிட்டேன். கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். குரூப்பைத் திறந்து, அண்ணியின் பதிவுக்குப் பதில் என்று வைத்து, முதலில் ஒரு வரி பேசிவிட்டு, போனை என் மகளின் வாய்க்கு நேரே பிடித்தேன். வீட்டுக்காரர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு, அவருக்குத் தெரிந்த அந்த ஒரு வித்தையைச் செய்தார்.

சக்கரம் தரையைத் தொட்டு, ஓடி, நின்றது. சிக்னல் வந்ததும் பதிவு போனது.

கதவு திறக்கக் காத்துக்கொண்டு எல்லோரும் நடைபாதையில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அண்ணி எங்களுக்கு முன்னால், எங்களைத் தெரியாதவர் மாதிரி நின்றார். என் மகள் அழுது ஓய்ந்து அப்பாவின் தோளில் விக்கிக்கொண்டிருந்தாள். அண்ணியின் போன் சிணுங்கியது. புனே தம்பி வாசலில் வந்து நிற்கிறானோ என்னவோ என்று அவசரமாக எடுத்து, பார்க்காமலே அழுத்தினார்.

முதலில் என் குரல்: “அண்ணி சொன்ன மாதிரியே பாப்பா அழுதுச்சுங்க. கேளுங்க.” அதற்குப் பின்னால் அந்த அலறல், முழுச் சத்தத்தில், அவர் கையிலிருந்து. நிறுத்தத் தெரியாமல் போனைத் திருப்பினார், பொத்தினார், பைக்குள் போட்டார். பைக்குள்ளிருந்தும் அழுதது. வரிசை மொத்தமும் அவரைத்தான் பார்த்தது, அவர் பயந்த அந்தப் படித்தவர்கள் எல்லோரும்.

என் மகள் அப்பாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். கன்னம் இன்னும் காயவில்லை. சத்தம் வருகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அத்த அழுவுது?”

“ஆமாண்டி தங்கம்” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. “இப்ப அத்தைக்கு வலிக்குது.”